ஐந்தாம் இலக்க விண்ணப்பம்

“…மூண்டு சொல்லுத்தான், சாந்தி. ‘எனக்கு மனம் ஒப்பேல்லை.’ காரணம் சொல்லத் தேவையில்லை, ஆரையும் காட்டிக் குடுக்கத் தேவையில்லை. வியாழக்கிழமை நீர் அந்த மூண்டு சொல்லைச் சொல்லியிருந்தால் நான் பேனையை மூடி வச்சிருப்பன். நீர் சொல்லேல்லை. நான் எழுதிப்போட்டன்.”

ஹில்டா இதைச் சொன்னது ஒரு திங்கட்கிழமை காலை, எட்டரை மணிக்கு. போட்டிருந்த குளிர்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அவர் பேசியது ஆங்கிலம்தான். அதுவும் இங்கிலாந்தின் வடக்குப் பக்கத்து ஆங்கிலம், லண்டன்காரர்களே இரண்டாந்தரம் கேட்டு விளங்கிக்கொள்வார்கள். அதனாலோ என்னவோ, என் காதில் அது எப்போதும் யாழ்ப்பாணத் தமிழாகவே விழுந்தது. மற்றவர்கள் பேசியதையும் சேர்த்து, விழுந்தபடியே எழுதுகிறேன்.

இப்போது இதை எழுத வைத்தவள் கவிதா. நான் ஓய்வு பெற்ற பிறகு பள்ளிக்கூடக் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், என் கதிரையில் இருப்பவள். கோயம்புத்தூர்ப் பிள்ளை, கெட்டிக்காரி. போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“அக்கா, ஹெட் இந்த வருஷத்தோட கிளம்புறாங்க. புது ஹெட் தேட ஒரு ஏஜென்சி கிட்ட குடுத்துட்டாங்கக்கா. வர்றவங்க வீட்ல இருந்தே கம்ப்யூட்டர் முன்னாடி பேசுவாங்களாம். ஒவ்வொரு பதிலுக்கும் அஞ்சுக்கு மார்க். கூட்டிப் பாத்து லிஸ்ட் அனுப்பிடுவாங்களாம். நான் யாரையும் பாக்கவே வேணாமாம். நீங்க போன தடவை எப்படித்தான் பண்ணீங்க?”

“இஞ்ச வீட்டை வாரும். சாப்பிட்டுச் சாப்பிட்டுச் சொல்றன்,” என்றேன்.

வந்தாள். நான் கதைக்கத் தொடங்கி, அடுப்பில் வைத்த புட்டை மறந்து, தண்ணீர் வற்றி, கோலியர்ஸ் வுட்டில் எங்கள் தெரு முழுக்கக் கருகல் மணத்தது. கடைசியில் கடையில் வாங்கிவந்த பாண் ரொட்டியைத்தான் சாப்பிட்டோம். “இதை எழுதிக் குடுத்துடுங்கக்கா,” என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கதைப்பது சுலபம், எதிரில் இருப்பவரின் முகம் பார்த்து வளைக்கலாம். எழுதும்போது ஆருடைய முகமும் இல்லை.

என் படிப்பு ஓ.எல்., பத்தாம் வகுப்புப் பரீட்சை, மட்டும்தான். அதற்குள் ஊரில் சண்டை வந்துவிட்டது. லண்டனுக்கு வந்து, இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகு, இந்தச் சின்னப் பள்ளிக்கூடத்துக் குசினியில் மதியச் சாப்பாடு பரிமாறப் போனேன். ஒருநாள் கந்தோரில் ஆளில்லாமல் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. கையில் கரண்டியோடு ஓடிப்போய் எடுத்தேன். பிள்ளையைத் தேடிய ஒரு தாயைச் சமாதானப்படுத்தி வைத்தேன். அடுத்த ஆண்டு அந்தக் கந்தோரிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். தட்டச்சு பழகியது நூலகக் கணினியில். ஆங்கிலம் பழகியது ஆட்களின் வாயைப் பார்த்து. ஆராவது வடிவாக ஒன்று சொன்னால் பழைய சாப்பாட்டுப் பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைப்பேன். குசினித் தலைவி பேர்ள், ஜமைக்காக்காரி, சொன்னதுதான் முதல் பக்கத்தில் இருக்கிறது: “விருந்தாளி வரும்போது நான் நிமிர்ந்தே பாக்கிறதில்லை. தட்டைத் திருப்பிக் கொண்டுவந்து தரேக்க பாப்பன்.”

இது குவேக்கர் பள்ளிக்கூடம். குவேக்கர் என்றால் கிறிஸ்தவர்களில் ஒரு பகுதியினர். சாமியார் கிடையாது, பாட்டுக் கிடையாது, படம் சிலை எதுவும் கிடையாது. வட்டமாகக் கதிரைகளைப் போட்டு வாய் பேசாமல் இருப்பார்கள். மனதுக்குள் ஏதாவது உந்தினால் ஒருவர் எழுந்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உட்காருவார். பள்ளிக்கூடத்திலும் தினமும் காலையில் பத்து நிமிடம் அப்படித்தான். ஐந்து வயதுப் பிள்ளையும் தலைமை ஆசிரியரும் ஒரே வட்டத்தில். பட்டம் பதவி சொல்லிக் கூப்பிடக்கூடாது, எல்லோரும் பெயர் சொல்லித்தான். அது எனக்குச் சரியான கஷ்டம். எழுபது வயது மனுசியை எப்படி ‘ஹில்டா’ என்று கூப்பிடுவது? முதல் இரண்டு வருடம் நான் ஆரையும் கூப்பிடவே இல்லை. முன்னால் போய் நின்று செருமுவேன். “என்ரை பேர் கடிக்காது, சாந்தி,” என்று ஹில்டாவே ஒருநாள் சொன்ன பிறகுதான் நாக்கு வளைந்தது.

ஹில்டா பள்ளிக்கூட நிர்வாகக் குழுவின் கிளார்க். கந்தோர்க் கிளார்க் என்று நினைக்க வேண்டாம். இவர்களிடம் கூட்டத்தை நடத்துகிறவருக்குத்தான் அந்தப் பெயர். முந்தி மருத்துவிச்சியாக இருந்தவர். நான் கடிதத்தில் பிழை விட்டால் பிழை என்று சொல்லமாட்டார். என் மேசைக்கு முன்னால் நின்று, கடிதத்தை முதலிலிருந்து ஒரே சீரான குரலில் வாசிப்பார். பிழை வரும் இடத்திலும் குரல் மாறாது. எனக்கு முதுகு வியர்க்கும். “நல்லாயிருக்கு” என்று அவர் ஆரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. “கேட்டன்,” என்பார். அதுவே பெரிய சொல். கூட்டம் தொடங்குமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைப்பார். நேரம் பார்க்கமாட்டேன் என்பது அதன் அர்த்தம்.

இவர்களின் கூட்டத்தில் வாக்கெடுப்புக் கிடையாது. கை உயர்த்துவது, எண்ணுவது ஒன்றும் இல்லை. ஒரு விஷயத்தை வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். ஒருவர் பேசுவார். பிறகு மௌனம். இன்னொருவர் பேசுவார். எல்லோருடைய மனமும் எங்கே போய்ச் சேருகிறது என்று கிளார்க் கவனித்து, அந்த இடத்திலேயே குறிப்புப் புத்தகத்தில் எழுதி, உரக்க வாசித்து, “ஒப்புக்கொள்கிறோமா?” என்று கேட்பார். ஒரேயொருவர் “எனக்கு மனம் ஒப்பவில்லை” என்றால் போதும். எழுதியதை அடித்துவிட்டுப் பொறுத்திருப்பார்கள். கூட்டத்தில் ஒப்புக்கொண்டு முடித்த குறிப்பைப் பிறகு தனியாக ஒருவர் வந்து மாற்ற முடியாது. ‘ஒருவருக்கு மனம் ஒப்பவில்லை, ஆகவே அடுத்த மாதம் வரை பொறுக்கிறோம்’ என்ற வரியை நானே எத்தனை தரம் தட்டச்சுச் செய்திருக்கிறேன்! கூரை மாற்ற ஒருமுறை, சாப்பாட்டில் இறைச்சியை நிறுத்துவதற்கு மூன்று முறை.

பழைய தலைமை ஆசிரியை சுகமில்லாமல் விலகியபோது, புதியவரைத் தேட ஐந்து பேரை நியமித்தார்கள். ஹில்டா, ஓய்வுபெற்ற பொறியியலாளர் ரொஜர், ஒரு ஆசிரியை, ஒரு தாய். ஐந்தாவது நான். “கந்தோரில இருக்கிற ஆளுக்குத்தான் வாசல் தெரியும்,” என்றார் ஹில்டா.

விண்ணப்பங்களைத் திறப்பது என் வேலை. பெயரும் விலாசமும் உள்ள முதல் பக்கத்தைக் கழற்றி என் லாச்சியில் வைத்துப் பூட்டுவேன். மிச்சத்துக்குப் பச்சைப் பென்சிலால் இலக்கம் போடுவேன். பெயரைப் பார்த்து ஆரும் ஆரையும் எடைபோடக்கூடாது என்பதற்காக. மற்ற நால்வரும் இலக்கத்தைத்தான் வாசித்தார்கள். ஐந்தாவது உறையைத் திறந்தேன். சுதன் என்று பெயர். மிச்சம் விலாசம். படிப்பிக்கும் பள்ளியின் பெயரைப் பார்த்ததும் ஆள் ஆர் என்று தெரிந்துவிட்டது. டூட்டிங் பக்கத்தில் ராணி அக்காவின் மருமகன் எங்கே படிப்பிக்கிறார் என்று தெரியாத தமிழர் இல்லை. ராணி அக்கா அப்படி யாரையும் தெரியாமல் இருக்க விட்டதில்லை.

நேரே ஹில்டாவிடம் போனேன்.

“அஞ்சாம் இலக்கம் எங்கட ஆள்.”

“ஆளைத் தெரியுமோ?”

“ஆளைத் தெரியாது. மாமியாரைத் தெரியும். அது இன்னும் ஆபத்து.”

ஹில்டா சிரிக்கவில்லை. யோசித்தார். “சொன்னதுக்கு நன்றி. நீர் விலகத் தேவையில்லை. ஆனால் நேராக இரும்,” என்றார். அந்த ‘நேராக இரும்’ தான் பிறகு என் தொண்டையில் முள்ளாக நின்றது.

வாசித்து வாசித்து இருவர் மிஞ்சினார்கள். இரண்டாம் இலக்கம், ஐந்தாம் இலக்கம். ஆளுக்கொரு முழுநாள் பள்ளியில். காலை அமைதி, ஒரு வகுப்பு, பிள்ளைகளோடு சாப்பாடு, பின்னேரம் கேள்விகள்.

இரண்டாம் இலக்கம் செவ்வாய்க்கிழமை வந்தார். வேறொரு குவேக்கர் பள்ளியில் துணைத் தலைவி. அமைதியில் அசையாமல் இருந்தார். தட்டைச் சுத்தமாகத் திருப்பிக் கொடுத்தார், பேர்ள் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். போகும்போது, குளிர்காலத்தில் எந்த அறை சூடாகாது என்று என்னிடம் கேட்டார். அந்த மனுசியில் ஒரு குறையும் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் குறை இருந்திருந்தால் அந்த வாரம் எனக்கு லேசாகப் போயிருக்கும்.

சுதன் புதன்கிழமை வந்தார், அரை மணி முந்தியே. தாழ்வாரத்தில் அவர் சிரித்த சிரிப்பு என் கந்தோர்க் கண்ணாடியை அதிர வைத்தது. கதவைத் திறந்து ஆங்கிலத்தில், “குட் மோர்னிங், அன்ரி!” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலைசெய்யும் இடத்தில் என்ன அன்ரி? பதிவுப் புத்தகத்தைத் தள்ளினேன். கையெழுத்துப் போட்டபடி குரலைத் தாழ்த்தினார்.

“அன்ரி, என்ரை தமிழ் அரைகுறை. இஞ்ச நான் இங்கிலீஷில கதைச்சது எண்டு மாமியிட்டச் சொல்லிப்போடாதேங்கோ.”

“நான் ஏன் உங்கட மாமியோட கதைக்கப்போறன்?”

“அவ உங்களோட கதைப்பா,” என்றார். அது சரிதான்.

அன்று காலை அமைதியில் நான் வழக்கம்போலக் கதவோரம் இருந்தேன், தொலைபேசி அடித்தால் ஓட. சுதனையும் என் பக்கமாக இருத்தியிருந்தோம். வட்டத்தின் மறுபக்கத்தில் ஹில்டாவும் ரொஜரும். மூன்று நிமிடம் போயிருக்கும். எங்கள் வரிசையில் ஒரு சின்னப் பெண்பிள்ளை எழுந்து, சுவரோரமாக நழுவி வெளியே போனாள். பிள்ளைகள் கழிவறைக்கு அப்படிப் போவார்கள், ஆரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் அவள் இருந்த கதிரை நனைந்திருந்தது. பக்கத்துப் பிள்ளைகள் கண்ணை மூடியிருந்தார்கள், இன்னும் பார்க்கவில்லை.

சுதன் கோட்டைக் கழற்றினார். அதை அந்தக் கதிரையில் போட்டார். எழுந்து வெளியே போனார்.

என் பக்கத்திலிருந்து பார்த்தால் நடந்தது அதுதான். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால்? முழங்காலை ஆட்டிக்கொண்டே இருந்த ஒரு மனிதர், பொறுக்கமுடியாமல் கோட்டைக் கழற்றிப் பக்கத்துக் கதிரையில் எறிந்துவிட்டு, அமைதியின் நடுவில் எழுந்து போய்விட்டார். பிள்ளைகளைத் தவிர ஆரும் அப்படி எழுந்து போவதில்லை.

நானும் மெல்ல வெளியே போனேன். தாழ்வாரத்தில் பிள்ளைகளின் குளிர்கோட்டுகள் கொழுவியிருக்கும் இடத்தில், அந்தப் பிள்ளை கோட்டுகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள். சுதன் பத்தடி தள்ளி நிலத்தில் இருந்தார். பக்கத்தில் போகவில்லை. ஏதோ வேறு கதை கதைத்துக்கொண்டிருந்தார். தான் சின்னனில் மேடையில் ஏறி நின்று அழுத கதை என்று நினைக்கிறேன். நான் அலுமாரியிலிருந்து மாற்றுக் காற்சட்டை எடுத்துக் கொடுத்தேன். அவள் உடுப்பு மாற்றி வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஆருக்கும் சொல்லக்கூடாது. பெரியாக்களுக்கும் சொல்லக்கூடாது.”

“சத்தியமா,” என்றார் சுதன். “அன்ரியும் சத்தியம்.”

நான் தலையாட்டினேன். பிள்ளைகள் வகுப்புக்குப் போன பிறகு கதிரையைத் துடைத்தேன். கோட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு என் மேசைக்குக் கீழே வைத்தேன். மனிதர் நாள் முழுக்க வெறும் சட்டையோடு திரிந்தார்.

பின்னேரம் கேள்வி நேரத்தில் ரொஜர் கேட்டார். “காலமை அமைதிக்கு நடுவில எழும்பிப் போனீங்கள். ஏன் எண்டு கேக்கலாமோ?”

சுதன் என் பக்கம் பார்க்கவே இல்லை. “போகவேண்டி வந்தது. அதுக்கு மேல சொல்ல ஏலாது. குறை நினைக்காதேங்கோ.” அதோடு விட்டிருக்கலாம். மனிதருக்கு வாய் நிற்காது. “ஆனால் ஒண்டு, பத்து நிமிஷம் சும்மா இருக்கிறது எனக்குக் கஷ்டம்தான். பழகவேணும்.”

ரொஜர் எதையோ எழுதினார்.

வியாழக்கிழமை ஐவரும் கூடி இருந்தோம். ஹில்டா கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்தார். நீண்ட மௌனம். ஆசிரியை, சுதனின் வகுப்பில் பிள்ளைகள் கேள்விமேல் கேள்வி கேட்டதைச் சொன்னார். அந்தத் தாய், இரண்டாம் இலக்கத்தைப் பார்த்ததும் தன் மனம் ஆறியது என்றார். பிறகு ரொஜர். அவர் கெட்டவர் அல்ல, நிதானமாகத்தான் சொன்னார்: “அமைதியில இருக்க ஏலாத ஒருத்தர் இந்தப் பள்ளிக்கூடத்தைக் கொண்டுநடத்த ஏலுமோ? கேட்டால் காரணமும் சொல்றாரில்லை. கோட்டை எறிஞ்சுபோட்டுப் போனதை நான் கண்ணால பாத்தனான்.”

நான் சொல்லியிருக்க வேண்டும். எதைச் சொல்வது? பிள்ளைக்குக் கொடுத்த சத்தியத்தை உடைப்பதா? உடைக்காமல் ‘அவர் நல்லவர்’ என்று மட்டும் சொன்னால், தமிழச்சி தமிழனுக்குப் பரிந்து பேசுகிறாள் என்றுதானே நினைப்பார்கள்? நேராக இரும் என்று ஹில்டா வேறு சொல்லியிருக்கிறார். எது நேர் என்று எனக்குத் தெரியவில்லை.

அதனால் நான் நிலத்தைப் பார்த்தேன்.

இதை விளக்கவேண்டும். எங்கள் வீட்டில் பெரியவர்கள் கூடி ஒரு கல்யாணமோ காணியோ பேசும்போது, பிடிக்காதவர் எதிர்த்துப் பேசுவதில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார். அதைக் கவனிப்பது பெரியவரின் பொறுப்பு. “என்ன பிள்ளை, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?” என்று அவர் கேட்பார். கேட்ட பிறகுதான் நாங்கள் வாயைத் திறப்போம். நான் அப்படித்தான் வளர்ந்தேன். ஹில்டா கேட்பார் என்று காத்திருந்தேன். ஆனால் குவேக்கர் கூட்டத்தில் எல்லோருமே நிலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்! ஐந்து பேரும் நிலத்தைப் பார்த்த அந்த அறையில், என் முகம் ஒரு மாதிரிக் கிடந்ததை ஆர் காண்பது?

ஹில்டா பேனையைத் திறந்தார். இரண்டாம் இலக்கத்தை அழைப்பது என்று எழுதினார். வாசித்தார். “ஒப்புக்கொள்கிறோமா?” மெல்லிய குரலில் மூவரும் ஒப்புக்கொண்டார்கள். ஹில்டா பொறுத்தார். ஒரு முழு நிமிடம் பொறுத்தார் என்று இப்போது நினைக்கிறேன். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேனையை மூடும் சத்தம் கேட்டது. இரண்டாம் இலக்கத்தின் பள்ளியில் அந்த வார இறுதியில் நாடகம், அதற்குப் பிறகு சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். ஆகவே திங்கட்கிழமை பத்து மணிக்கு ஹில்டா தொலைபேசியில் சொல்வது என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை அந்தக் குறிப்பைத் தட்டச்சுச் செய்தேன். நாலு வரி. நாலு தரம் பிழைத்தது. வீடு திரும்பும்போது கோலியர்ஸ் வுட் ஸ்டேஷனில் ரயில் நின்றதையும் கதவு மூடியதையும் பார்த்துக்கொண்டே இருந்தேன், இறங்கவில்லை. மோர்டனில் பாதையே முடிந்து ரயில் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கிய பிறகுதான் நானும் இறங்கினேன்.

சனிக்கிழமை டூட்டிங் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து குரல்.

“என்ன சாந்தி, எங்கட மருமோன்ரை அலுவல் என்ன மாதிரி?”

“எனக்கென்ன தெரியும் அக்கா. அதெல்லாம் பெரியாக்களின்ரை வேலை.”

“நடியாதை. நீ தானே அங்க எல்லாம்.” ராணி அக்கா என் கூடையிலிருந்து ஒரு முருங்கைக்காயை எடுத்து முறுக்கிப் பார்த்து, முற்றல் என்று திருப்பிப் போட்டார். “அவன் புதன்கிழமை வந்து கோட்டை என்ரை மகளிட்டத் தோய்க்கக் குடுத்தவன். என்னடா எண்டு கேட்டால் பால் ஊத்துண்டு போச்சாம். பால் மணமோடி அது? நான் மூண்டு பெத்து வளத்தனான், எனக்குத் தெரியாதே? ஏன் பொய் சொல்றாய் எண்டு கேக்க, பால்தான் மாமி, பால்தான் எண்டு நிக்கிறான்.”

வேலை போகிற நிலையில் அறைக்குள் சொல்லாத மனிதர், மாமியாருக்கு முன்னாலும் சொல்லவில்லை. ராணி அக்காவுக்கு முன்னால் பொய்யில் நிற்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும், டூட்டிங்கில் கேட்டுப் பாருங்கள்.

ஞாயிறு காலை கணவரோடு விம்பிள்டன் கோயிலுக்குப் போனேன். சுற்றும்போது எத்தனையாவது சுற்று என்று மறந்து, மறுபடி முதலிலிருந்து சுற்றினேன். இவர் வாசலில் காத்திருந்து கால் கடுத்துக் கத்தினார். பஸ் ஓட்டிய மனிதர், நேரம் தப்பினால் பொறுக்காது.

“உமக்கு என்னப்பா பிடிச்சிருக்கு? வியாழனிலை இருந்து நீர் ஒரு மாதிரி.”

பிள்ளையின் கதையைச் சொல்லாமல், மிச்சத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“வீட்டில நீர் ஒரு நிமிஷம் வாய் மூடி இருந்ததை நான் இந்த முப்பது வருஷத்தில காணேல்லை. அங்க போய்த்தான் மூடவேணுமே?”

“அங்க எல்லாரும் மூடிக்கொண்டு இருக்கேக்க நான் மட்டும் எப்பிடித் திறக்கிறது?”

“அப்ப நாளைக்குத் திறவும்,” என்றார். “பத்து மணிக்கு முன்னம் திறவும்.”

திங்கட்கிழமை ஏழே முக்காலுக்கே பள்ளிக்குப் போய்விட்டேன். கதவைத் திறந்து, கூட்ட அறைக்குள் போய், வெளியே வந்து, தண்ணீர் கொதிக்கவைத்து, குடிக்காமல் ஊற்றி, மறுபடி கொதிக்கவைத்தேன். எட்டரைக்கு ஹில்டா கூட்ட அறைக்கு வந்தார். அவருக்கு இடுப்பில் வருத்தம், படியில் ஒவ்வொரு காலாக வைத்து ஏறுவார். அவர் கோட்டைக் கழற்ற விடாமல் நான் தொடங்கிவிட்டேன். சுதன் வெளியே போனதற்குக் காரணம் இருந்தது, அது எனக்குத் தெரியும், சொல்லக்கூடாது என்று சத்தியம், அது நல்ல காரணம். நிலத்தைப் பார்த்ததையும் சொன்னேன். எங்கள் வீடுகளில் பெரியவர் முகத்தைப் பார்த்துக் கேட்பார், நீங்கள் கேட்கவில்லை என்று, எனக்கே கேட்காத ஒரு குரலில், குறையாகவும் சொல்லிவிட்டேன்.

அதற்குத்தான் ஹில்டா, நீர் பெரிய கதை சொல்லியிருக்கத் தேவையில்லை என்று தொடங்கி, இதன் தொடக்கத்தில் நான் எழுதிய அந்த வார்த்தைகளைச் சொன்னார்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த வியாழக்கிழமைக் குறிப்பை, எழுதிய அதே ஐந்து பேரும் கூடித்தான் விலக்க வேண்டியிருந்தது. ரொஜர் லேசில் விடவில்லை. “எங்களுக்குத் தெரியாத ஒரு காரணத்துக்காக ஒருத்தரை எடுக்க ஏலாது,” என்றார். அது நியாயம். “அப்ப தெரியாத காரணத்துக்காக ஒருத்தரைத் தள்ளவும் ஏலாது,” என்றார் ஆசிரியை. இருவரையும் மறுபடி அழைத்தார்கள். மூன்று வாரம் இழுத்தது. கடைசிக் கூட்டத்தில் ரொஜரே எழுந்து, “நான் ஒரு கோட்டைப் பார்த்து ஆளை முடிவு கட்டினன்,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அந்த வசனம் என் பதிவேட்டில் இருக்கிறது.

இரண்டாம் இலக்கம் அடுத்த ஆண்டு வேறொரு பள்ளிக்குத் தலைவியானார். நத்தாருக்கு, கிறிஸ்துமஸுக்கு, இன்றும் எனக்கு அட்டை வரும். இப்போது விடைபெறுகிற தலைமை ஆசிரியர் சுதன்தான். இத்தனை வருடம் இருந்தும் காலை அமைதியில் அவருடைய முழங்கால் ஆடாமல் நின்றதில்லை, பக்கத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். அந்தப் பெண்பிள்ளை வளர்ந்து எங்கேயோ படிக்கிறாள். நான் அவளுக்குக் கொடுத்த சத்தியத்தை இதை எழுதி உடைத்துவிட்டேனா என்று இரண்டு நாள் யோசித்தேன். பள்ளியின் பெயரையும் ஆண்டையும் எழுதாமல் விட்டது அதனால்தான்.

கவிதா இவ்வளவையும் கேட்டாள். ஏஜென்சிக்காரரின் பதினெட்டுப் பக்கப் படிவத்தைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு, கடைசியாக ஒன்று கேட்டாள்.

“அதெல்லாம் சரிக்கா. அந்த அம்மா அப்படிச் சொன்னாங்களே, ‘நீர் சொல்லேல்லை, நான் எழுதிப்போட்டன்’னு. சொல்லிட்டு என்ன பண்ணாங்க? திட்டுனாங்களா?”

திட்டவில்லை. சுவரில் மணியைப் பார்த்தார், பத்து ஆக இன்னும் நேரம் இருந்தது. தொலைபேசியை எடுத்து ரொஜரை அழைத்து, “வாரும்,” என்று மட்டும் சொன்னார். மற்ற இருவரையும் அப்படியே. பிறகு கோட்டைக் கழற்றிக் கொழுவினார். சுவரோரம் அடுக்கியிருந்த கதிரைகளை, அந்த இடுப்போடு, ஒவ்வொன்றாக இழுத்து வட்டமாகப் போடத் தொடங்கினார். நான் உதவிக்கு ஓடினேன். கையைக் காட்டி, என்னை ஒரு கதிரையில் இருக்கச் சொன்னார். ஐந்தாவது கதிரையும் வந்தது. குறிப்புப் புத்தகத்தையும் பேனையையும் எடுத்து, தன் மேசையில் வைக்காமல், ரொஜர் இருக்கப்போகும் கதிரையில் வைத்தார்; இந்தமுறை எழுதுவது அவர். தன் கதிரையை என்னுடையதுக்கு நேரெதிரே, முழங்கால் முட்டுகிற அளவுக்கு நகர்த்தினார். கடிகாரத்தைக் கழற்றி மடியில் கவிழ்த்து வைத்தார். மற்றவர்கள் படியேறி வரும் சத்தம் கேட்கும்வரை, நிலத்தைப் பார்க்காமல், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.